கடைசி வரியில் கழிவு

ஒரு வருடத்தின் விலை முப்பத்தைந்து மதிப்பெண். பள்ளிக்கூடம் வைத்த விலை; பேரம் கிடையாது. வெள்ளிக்கிழமை கணக்கு மறுதேர்வில் அதை எடுக்காவிட்டால், துணிக்கடைக்காரரின் மகள் அடுத்த ஆண்டு தன் தம்பியோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். "பக்கத்துல இடம் போட்டு வைக்கிறேன்க்கா" என்று அவன் சீண்ட, அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள்.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. மாலைச் சிறப்பு வகுப்புக்கு நேரிலேயே போய்விட்டார். இருந்ததே ஆறு பிள்ளைகள்தான்.

"டீச்சர், இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துச் சொல்லிக்குடுங்க. இவ மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"ஏறாம என்ன சார்? நீங்களே பாருங்க. வாம்மா, நாப்பத்தேழு மீட்டர் துணி, மீட்டர் இருபத்தொம்பது. போடு."

மகள் கரும்பலகையில் மளமளவென்று பெருக்கினாள். 1363 வந்தது. கோடு போட்டு அதன்கீழ் எழுதினாள்: விடை 1360.

"அந்த மூணு எங்க?"

"மூணைப் போய் யாராச்சும் கேப்பாங்களா டீச்சர்? வந்தவங்க அடுத்த கடைக்குப் போயிடுவாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நின்ற வயதிலிருந்தே, 'சொச்சத்தை விட்டுட்டுச் சொல்லு' என்று அவளைப் பழக்கியவர் அவர்தான்.

"போன பரீட்சைப் பேப்பர் பூரா இப்படித்தான் சார். அம்பது தாள் திருத்துறவங்க கடைசி வரியைத்தான் பார்ப்பாங்க. எனக்கு ஆறே பேர். மேல இருக்கிற வரியும் தெரிஞ்சுது."

"அப்ப மேல் வரிக்கு மார்க் ஏதாச்சும் பார்த்துப் போட்டுக் குடுக்கலாமே டீச்சர்?"

"இங்கயுமா சார்?"

"தொழில் புத்தி, மன்னிச்சுக்குங்க." மகள் பக்கம் திரும்பினார். "பாப்பா, பரீட்சைக்காரன் நம்ம வாடிக்கை இல்ல. ஒண்ணுகூட விடாத. கறாரா வாங்கு."

"கோச்சுக்க மாட்டாங்களாப்பா?"

"கோச்சுக்கிட்டா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கிறேன்."

பின்னம் மட்டும் அவளுக்கு நிஜமாகவே வரவில்லை. டீச்சர் விடவில்லை, காகிதத்தை மடித்தும் கிழித்தும் மிச்ச மாலைகளை அதிலேயே கழித்தார். அரைக்கும் காலுக்கும் அவள் பிடி கொடுத்தாள். ஏழில் மூன்று என்றதும் நழுவினாள்.

வெள்ளி போனது, தாள் வந்தது. பெருக்கல், வகுத்தல்: நாற்பதுக்கு நாற்பது. வடிவியலில் முப்பத்தைந்துக்கு முப்பத்திரண்டு. பின்னத்தில் இருபத்தைந்துக்குப் பதினொன்று. ஆக எண்பத்துமூன்று. விலை போக, கையில் நாற்பத்தெட்டு. பின்னத்தில் பதினான்கு பாக்கி. திங்கட்கிழமை மாலை அதற்கும் வகுப்பு உண்டு.