இருபத்திமூணாம் நம்பர் போட்டோ

கள்ளிக்குப்பத்துல வீட்டு முன்ரூமையே ஸ்டூடியோவா வெச்சு போட்டோ எடுக்கறவன் நான். பேரு பரந்தாமன். எடுத்த போட்டோவை எல்லாம் நெட்ல ஏத்தி, கஸ்டமருக்கு வாட்ஸப்ல லிங்க் அனுப்பிடுவேன். அவங்க பாத்து, பிடிச்சதுக்குக் கீழ இருக்கற ஹார்ட்டைத் தொட்டா, எந்த போட்டோ, எத்தனை மணிக்குன்னு எனக்கு மெசேஜ் வரும். அதை டச்சப் பண்ணி பெரிய ஃபைலா அனுப்புவேன். அவ்ளோதான் வேலை. இதுல சமீபத்துல ஒண்ணு நடந்துச்சு, எழுதி வெக்கணும்னு தோணுச்சு.

ஹில்டா மேடம் அவங்க பொண்ணு ரெனிதாவைக் கூட்டிகினு வந்தாங்க. கூடவே வீட்டுக்காரர் ராயப்பன், ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போல டைம் கீப்பர். ரெனிதாவுக்கு இருபத்தொம்பது வயசு, ஐ.டி.ல வேலை. அவங்க சர்ச் பங்குல வரன் தேடறவங்களுக்காக ஒரு புக் போடறாங்களாம். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரே ஒரு போட்டோ. வெள்ளிக்கிழமைக்குள்ள சர்ச் ஆபீஸ்ல குடுத்துடணும்.

"இந்த தடவை தவறக்கூடாதுண்ணே"ன்னாங்க ஹில்டா. "ஏற்கெனவே ரெண்டு எடம் வந்து பாத்துட்டுப் போய் பதிலே சொல்லல."

ரெனிதா ஜன்னலைப் பாத்துகினு இருந்துச்சு.

நாப்பது போட்டோ ஏத்துனேன். ஒண்ணு தான வேணும், அதனால ஒரு ஹார்ட்டுக்கு மேல போட முடியாத மாதிரி செட் பண்ணேன். வேற போட்டோவைத் தொட்டா பழைய ஹார்ட் தானா போயிடும். உள்ள போக ஒரு மெயில் குடுக்கணும். ஹில்டா அவங்க மெயிலைக் குடுத்தாங்க. அதுல யாரு உள்ள போனாலும் 'ஹில்டா'ன்னு தான் காட்டும். அப்ப அது எனக்கு ஒறைக்கல.

திங்கக்கிழமை காலைல எட்டாம் நம்பருக்கு ஹார்ட் வந்துச்சு. பட்டுப்புடவை, கை நெறைய வளையல், மொகத்துல நல்லா லைட் அடிச்சு எடுத்தது. கீழ கமெண்ட் வேற: 'கலர் கொஞ்சம் ஏத்திடுங்க அண்ணே.' சரி ஆரம்பிக்கலாம்னு பாத்தா, மத்தியானம் ஒண்ணு பன்னெண்டுக்கு இன்னொரு மெசேஜ். ஹார்ட் இருபத்திமூணுக்குப் போயிடுச்சு.

இருபத்திமூணு நான் ஏத்தியே இருக்கக்கூடாத போட்டோ. நடுவுல கரண்ட் போயிடுச்சுன்னு எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். ரெனிதா வேர்வையோட மேக்கப்பைத் தொடச்சுட்டு, கண்ணாடியைப் போட்டுகினு நின்னுச்சு. ராயப்பன் கையில தெர்மகோல் அட்டையைக் குடுத்து, வெளிச்சம் படற மாதிரி புடிங்கன்னேன். அவரு ஒரு கையில தூக்கிப் புடிச்ச விதத்தைப் பாத்து, "அப்பா, பஸ்ஸ நிறுத்தற மாதிரியே நிக்கறியே"ன்னு அந்தப் பொண்ணு வாய்விட்டு சிரிச்சுச்சு. அப்ப அமுக்குனது. பின்னாடி எங்க ஊட்டு செவப்பு பக்கெட் கூட தெரியுது.

செவ்வாய்க்கிழமை காலைல ஹார்ட் மறுபடி எட்டுல. மத்தியானம் ஒண்ணு பன்னெண்டுக்கு இருபத்திமூணுல. புதன்கிழமையும் அதே கதை.

எனக்கு வேலையே ஓடல. என் ஊட்டுக்காரி புஷ்பா கிட்ட சொன்னேன்.

"அந்தம்மாக்கு காலைல ஒரு புத்தி, சோறு தின்னா ஒரு புத்தியா இருக்கும்"னா. "நீ மட்டும் இன்னாவாம்."

ஹில்டாவுக்கு போன் போட்டேன்.

"இன்னாண்ணே, வெளையாடறீங்களா? நான் எட்டைத் தவிர எதையும் தொடல. தெனம் காலைல பாத்தா மாறிக் கீது. ஒங்க லிங்க்ல தான் ஏதோ கோளாறு. வெள்ளிக்கிழமை தப்பான போட்டோ போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

கோளாறுன்னா தெனம் ஒரே டைமுக்கா வரும்? அப்பத்தான் ஒறைச்சுச்சு, ஒரே மெயில்ல மூணு பேரும் உள்ள போகலாமேன்னு. பொண்ணா தான் இருக்கும்னு ரெனிதாவுக்கு போட்டேன்.

"நான் அந்த லிங்க்கைத் தொறக்கவே இல்ல அங்கிள்"னுச்சு. "எதுக்குத் தொறக்கணும்? அம்மா சொல்றது தான் போகும். போன தடவையும் அப்படித்தான்."

அப்ப மிச்சம் ஒருத்தர் தான். ஆனா அந்த மனுஷன் அன்னிக்கு ரெண்டு மணி நேரத்துல என்கிட்ட பேசுனதே 'கொஞ்சம் தண்ணி கெடைக்குமா' மட்டும் தான். அவரா? அதுவும் பக்கெட் தெரியற போட்டோவுக்கா?

அவரு நம்பர் என்கிட்ட இல்ல. ஹில்டா கிட்ட கேட்டா விஷயம் ஒடைஞ்சுடும். வியாழக்கிழமை காலைல இருபத்திமூணுக்குக் கீழ நானே ஒரு கமெண்ட் எழுதினேன்: 'இதுக்கு ஹார்ட் போடறது யாரு? ஏன் இது?'

மத்தியானம் போனையே பாத்துகினு உக்காந்திருந்தேன். புஷ்பா போட்ட சோறு ஆறிப்போச்சு. கரெக்டா ஒண்ணு பன்னெண்டு.

'ராயப்பன். டிப்போல கீறேன். சாப்பாட்டு டைம்.'

அப்புறம் ஒவ்வொரு வரியா வந்துச்சு.

'ஊட்ல சொன்னா சண்டை வரும்.'

'பதில் சொல்லலன்னு ஹில்டா சொல்லுது. ஆனா அவங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. மாப்ள ஊட்டு ஆளு வாசல் கேட்டாண்ட நின்னு, போட்டோல வேற பொண்ணு மாதிரி கீதேன்னாரு. ரெண்டாவது எடமும் அதையே தான் சொன்னாங்க.'

'ரெனிதா காதுலயும் உழுந்துடுச்சு. அன்னிலேர்ந்து போட்டோன்னாலே மொகத்தைத் திருப்பிக்குது. ஒங்க மாடில தான் சிரிச்சுது.'

கடைசியா: 'அந்த பழைய போட்டோவும் நீங்க எடுத்தது தான்.'

எனக்கு ஞாபகமே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். ரெண்டு வருஷம் முந்தி எடுத்தது. ஒரிஜினலையும் நான் குடுத்ததையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். கலரை ஏத்தி, மூக்கை சன்னமாக்கி, கன்னத்துல இருந்த மச்சத்தைக் கூட எடுத்துட்டிருக்கேன். மச்சத்தை எடுக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. இத்தனை வருஷத்துல கை தானா போயிடும்.

புஷ்பா பின்னாடி நின்னு பாத்துட்டு, "அக்கா தங்கச்சியா?"ன்னு கேட்டா.

நான் கமெண்ட்ல எழுதினேன்: 'தப்பு என்னுது சார். ஆனா மேடம் சொல்லாம நான் இதை அனுப்ப முடியாது. நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. நாளைக்கு வெள்ளி.'

அதுக்குள்ள அவருக்கு சாப்பாட்டு டைம் முடிஞ்சிருக்கும்.

நானும் ராயப்பனும் யோசிக்காத விஷயம் ஒண்ணு. கமெண்ட் போட்டா ஒவ்வொண்ணும் அந்த மெயிலுக்குப் போகும். ஹில்டா மெயிலைத் தொறந்து பாக்கற ஆளு கெடையாது. அதை ஆரம்பிச்சுக் குடுத்தது ரெனிதா, ரெனிதா போன்ல தான் அது ஓடுது. ஆபீஸ்ல உக்காந்திருந்த பொண்ணுக்கு, அப்பா எழுதுனது அத்தனையும் வரி வரியா போயிருக்கு.

சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு இருபத்திமூணுக்குக் கீழ இன்னொரு கமெண்ட்.

'ரெனிதா எழுதறேன் அங்கிள். இது தான் போகணும். கலர் ஏத்தாதீங்க. மச்சம் இருக்கட்டும். அம்மா கிட்ட நான் பேசிக்கறேன். அப்பா, இவ்ளோ டைப் பண்ணியே, சாப்ட்டியா?'

வெள்ளிக்கிழமை காலைல ஹில்டா போன். எடுக்கவே பயமா இருந்துச்சு.

"அப்பாவும் பொண்ணும் சேந்துகினு நல்லா ஏமாத்துனாங்க. நீங்களும் கூட்டாண்ணே?"

"மேடம், போன தடவை நான் அளவுக்கு மீறி மாத்திட்டேன். வந்தவங்க கேட்டாண்ட நின்னு சொன்னாங்களாம்..."

"தெரியும்"னாங்க. "எனக்கும் கேட்டுச்சு. அவருக்குக் கேக்கலன்னு நெனச்சுகினு இருந்தேன்."

நான் கம்ப்யூட்டர்ல இருபத்திமூணைத் தொறந்தேன்.

"இன்னும் நல்லா எடுத்தா சரியாயிடும்னு நெனச்சேண்ணே. வேற இன்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல." அப்புறம் கொரலை சரி பண்ணிகினு, "சரி, இருபத்திமூணே போவட்டும். ஆனா அந்த பக்கெட்டை எடுத்துடுங்க. பங்கு புக்குல பக்கெட்டோட போட்டா ஊரே சிரிக்கும்."

பக்கெட்டை மட்டும் எடுத்தேன். கை ரெண்டு தடவை மச்சத்தாண்ட போச்சு, இழுத்துகினேன். மத்தியானத்துக்குள்ள ஃபைல் சர்ச் ஆபீசுக்குப் போயிடுச்சு.

என் லிங்க் எல்லாமே ஒரு மாசத்துல தானா அழிஞ்சுடும். அழிய நாலு நாள் இருக்கறப்ப, ஒண்ணு பன்னெண்டுக்கு, இருபத்திமூணுக்குக் கீழ ஒரு கமெண்ட்:

'புக் பாத்துட்டு மாங்காட்லேர்ந்து நேத்து ஒரு குடும்பம் வந்தாங்க. ரெனிதா வந்து நின்னதும் பையனோட அம்மா, போட்டோல பாத்த மாதிரியே கீதேன்னாங்க. மத்தது இனிமே தான்.'

மத்தது இன்னா ஆச்சுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. லிங்க்கை மட்டும் இன்னொரு மாசத்துக்கு நீட்டி வெச்சிருக்கேன்.