அண்ணன் எடுத்துத் தரும் ஷூ

என்னமோ கேட்கப் போகிறான். இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்திருக்க மாட்டான்.

மலர்விழி இப்படி நினைத்துக்கொண்டே ரப்பர் செருப்பைக் கழற்றி சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த அந்தக் கடையின் தரை, கால் வைக்கக் கூசும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது. எதிரே அவள் அண்ணன் சபரிநாதன் கண்ணாடித் தட்டுகளிலிருந்து ஒவ்வொரு ஷூவாக எடுத்து, போர்வெல் ரிக் வண்டியின் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"விலையப் பாக்காத அம்மிணி. காலுக்கு எது தோதோ அதப் பாரு."

ராசிபுரத்தில் காரில் ஏறியதிலிருந்து இதை நாலாவது தடவையாகச் சொல்கிறான். ஒரு தடவை சொல்லியிருந்தால் பாசம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

சபரிநாதனுக்குத் திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டிகள். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பான். பொங்கலுக்குத் தங்கைக்கு ஒரு சேலை வரும். அதை எடுப்பது அம்மா பாப்பாயி. அண்ணன் கொடுத்தது என்று சொல்லிக் கொடுப்பதும் அம்மாதான். அப்படிப்பட்டவன் போன ஞாயிற்றுக்கிழமை தானே போன் செய்து, மலையேறுகிற காலுக்கு ரப்பர் செருப்பு ஆகாது, நல்ல தோல் ஷூவாக எடுத்துத் தருகிறேன், சேலத்துக்குப் போகலாம் வா என்றான்.

மலர்விழி கிராம சுகாதார செவிலியர். வாரத்தில் மூன்று நாள் ராசிபுரம் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் வேலை. மற்ற நாட்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மலைக் குடியிருப்புகளுக்கு நடை. போன மாதம் சரளையில் சறுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டாள். அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா அண்ணனிடம் சொல்லியிருப்பாள். அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் கணுக்கால் பிசகிப் பதினைந்து நாள் படுத்துக் கிடந்தபோது இவனுக்கு ஒரு போன்கூடச் செய்யத் தோன்றவில்லையே?

கிளம்பும்போது அவள் கணவன் செந்தமிழனும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தான். மைத்துனன் பெயரை எடுத்தாலே முகத்தைச் சுளிக்கிறவன், இன்றைக்கு அவளுடைய பையைத் தானே எடுத்துக் கொடுத்து, "உங்கண்ணன் சொல்றதக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு" என்றான். எதை என்று கேட்டாள். "பொதுவாச் சொன்னேன்" என்று குளிக்கப் போய்விட்டான். ஏற்கெனவே குளித்திருந்தான்.

கடைக்காரர் பக்கத்தில் வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப் பையில் சுப்பையன் என்று பெயர் குத்தியிருந்தது.

"ஏனுங்க, எங்க போட்டுட்டுப் போறக்குங்க? ஆபீசுக்குங்களா, காடு மேட்டுக்குங்களா?"

"ரெண்டுக்குந்தானுங்க" என்றான் சபரிநாதன். "என்ற தங்கச்சி நர்சு. டவுன்லயும் நடக்கோணும், மலையும் ஏறோணும்."

"அப்ப இந்தப் பளபளன்னு இருக்கறதெல்லாம் வேண்டாமுங்க. கல்லுல ரெண்டு தடவ ஒரசுனா மூஞ்சி போயிரும். இதெல்லாம் கல்யாணங் காச்சிக்குப் போட்டுட்டுப் போறதுங்க."

சபரிநாதன் கையில் வைத்திருந்த பளபள ஷூவைச் சட்டென்று தட்டில் வைத்தான். சுடுவதுபோல வைத்தான். மலர்விழி அதைப் பார்த்தாள். பார்த்ததை அவன் பார்த்துவிடாமல் குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

சுப்பையன் இரண்டு பாதங்களையும் பலகையில் வைத்து அளந்தார். இடது கால் ஒரு நூல் பெரிது.

"எல்லாருக்கும் ஒரு காலு பெருசாத்தானுங்க இருக்கும். பெரிய காலுக்குத்தான் எடுக்கோணும். சாயங்காலமா வந்தீங்க பாருங்க, அது நல்லது. காலைல எடுத்தா சாயங்காலம் கால் வீங்கிக் கடிக்கும். உங்களுக்கு ஏழுங்க." பிறகு சபரிநாதன் பக்கம் திரும்பினார். "நேத்தைக்கு எடுத்துட்டுப் போனீங்களே, அது அந்தப் புள்ளைக்குச் சரியா இருந்துச்சுங்களா சார்? அஞ்சாம் நம்பர் பத்துமோ பத்தாதோன்னு போன்லயெல்லாம் கேட்டீங்களே?"

"ம்ம்" என்றான் சபரிநாதன். போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான். போன் அடிக்கவே இல்லை.

ஐந்தாம் நம்பர். அம்மாவுடையது அகலமான, வெடித்த பாதம். அதற்கு எட்டே இறுக்கிப் பிடிக்கும். நேற்று சேலத்துக்கு வந்ததாக அவன் சொல்லவும் இல்லை. மலர்விழிக்குத் தன்மேலேயே ஒரு வெறுப்பு எழுந்தது. ஏன் இப்படி ஒவ்வொரு பேச்சையும் கவிழ்த்துப் பார்க்கிறேன்? வயது நாற்பதைத் தாண்டியவன், தனியாக இருக்கிறான், யாருக்கோ செருப்பு வாங்கினால் வாங்கிவிட்டுப் போகட்டும். மனிதர்கள் மாறவே மாட்டார்களா? அவளே மலையில் எத்தனை வீட்டில், குடித்துக் கிடந்தவன் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊசி போட வந்ததைப் பார்த்திருக்கிறாள். அண்ணனுக்கு மட்டும் ஏன் அந்த இடத்தைக் கொடுக்க முடியவில்லை?

சுப்பையன் நாலு பெட்டிகளோடு வந்தார். முதல் ஜோடி நுனியில் ஒடுங்கியிருந்தது. இரண்டாவதில் குதிகால் தூக்கிக்கொண்டு வந்தது. மூன்றாவதின் அடிப்பாகம் மலைக்கு நல்லதுதான், ஆனால் டவுன் ரோட்டில் தார் டப்பாவை மாட்டிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும் என்று அவரே எடுத்து வைத்துவிட்டார். நாலாவது, மங்கலான பழுப்பு. மினுக்கம் கிடையாது. எண்ணெய் ஏறிய தோல், கணுக்காலுக்குக் கீழேயே நின்றது. அடியில் ரப்பர், ஆழமில்லாத பள்ளங்கள்.

"இதுல கீறல் உழுந்தாலும் தொடச்சா மறஞ்சுக்கும். சேலைக்கும் போட்டுக்கலாம், சுடிதாருக்கும் போட்டுக்கலாம். நனஞ்சா வெயில்ல மட்டும் வெக்காதீங்க. பேப்பரச் சுருட்டி உள்ள வெச்சு நெழல்ல காய வெக்கோணும்."

அவள் லேஸைக் கட்டக் குனிவதற்குள் சபரிநாதன் வந்து தரையில் மண்டியிட்டான்.

"இரு, நான் கட்டறேன்."

"ஐயோ, வேண்டாமுங்ண்ணா."

"அட இரு அம்மிணி. அண்ணன் தங்கச்சிக்குக் கட்டக் கூடாதா?"

அவன் தலை அவள் முழங்காலுக்கு நேராக இருந்தது. வகிட்டோரத்தில் தோலிலும் கறுப்பு ஏறியிருந்தது. புதிதாகச் சாயம் போட்டிருக்கிறான். விரல்கள் லேஸை இழுத்து இறுக்கின. தடித்த விரல்கள், வலது கையில் கல் வைத்த மோதிரம். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

"வெளிய படிக்கட்டுல ஒருக்கா ஏறி எறங்கிப் பாருங்க" என்றார் சுப்பையன். "ஏறறப்பக் குதிகால் தூக்கக் கூடாது, எறங்கறப்ப வெரலு முன்னால முட்டக் கூடாது. எறக்கத்துல தெரிஞ்சு போயிருமுங்க."

அவள் ஏறினாள், இறங்கினாள். விரல் முட்டவில்லை. பாதம் முழுவதையும் யாரோ உள்ளங்கையில் ஏந்தியதுபோல இருந்தது. பதினோரு வருட நடையில் இப்படி ஒன்று தன் காலுக்கு உரியது என்று அவள் எண்ணியதே இல்லை. வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசை எழுந்தவுடனேயே பயமும் வந்தது. எதைக் கொடுத்தால் நான் மசிவேன் என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறானே.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். சுப்பையன் இன்னொரு வாடிக்கையாளரிடம் போயிருந்தார். சபரிநாதன் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

"தை கடைசியில ரெண்டு நாளு லீவு கெடைக்குமா உனக்கு?"

"எதுக்குங்ண்ணா?"

"சும்மாதான். உங்கிட்ட நல்ல பட்டு எத்தனை இருக்குது? பழசு வேண்டாம். புதுசாவே எடுத்துக்கலாம். இங்கயே எடுத்தரலாம், நேரம் இருக்குது."

லீவு, பட்டு, ஐந்தாம் நம்பர் செருப்பு, தலைச் சாயம். ஒன்றின்மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. எதிர்பார்த்த பஸ் வந்து நின்றது மாதிரி இருந்தது.

"பொண்ணு எந்த ஊருங்ண்ணா?"

அவன் சிரித்தான். மாட்டிக்கொண்ட சிரிப்பு, ஆனால் நிம்மதியும் அதில் இருந்தது.

"மோகனூரு. கிருத்திகான்னு பேரு. நல்ல குடும்பம். அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. உன்ற ஊட்டுக்காரருகிட்டயும் சொல்லிட்டேன்."

"எல்லாருக்கும் சொல்லிட்டீங்க."

"உங்கிட்ட நேர்ல சொல்லோணும்னுதான்." தொண்டையைச் செருமினான். "அவங்கப்பா ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு. நகை நட்டு எதும் பேசல. ரெண்டாங் கல்யாணம்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, மொதப் பொண்ணு எதுக்குப் போனான்னு கேப்பாங்க. கூடப் பொறந்தவ இணைச்சீருக்கு வந்து நின்னா எங்களுக்கு அது போதும், வேற யாருகிட்டயும் விசாரிக்க மாட்டோம்னாரு."

இணைச்சீர். முகூர்த்தத்துக்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் கல்யாணப் பெண்ணுக்குச் சமமாகப் பட்டுடுத்திப் பந்தலில் நிற்க வேண்டும். கூறைச் சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறுமுனை அவள் கையில். கூடப் பிறந்தவள் இல்லாதவர்களுக்குச் சித்தப்பன் மகளோ பெரியப்பன் மகளோ நிற்பதுண்டு. ஆனால் சொந்தத் தங்கை ராசிபுரத்தில் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது வேறொருத்தி நின்றால், பந்தியில் இலை போடுவதற்குள் ஊர் முழுக்க ஏன் என்று கேட்டுவிடும்.

முதல் கல்யாணத்தில் அவள்தான் நின்றாள். வெண்ணிலா அன்றைக்கு அவளைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தாள்.

மூன்று வருடம் கழித்து, ஒரு மத்தியான வேளையில் அதே வெண்ணிலா சேலைத் தலைப்பைச் சுருட்டி இடது காதில் அழுத்திக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தாள். தலைப்பில் ரத்தமும் நீரும். கன்னத்தில் மோதிரக் கல்லின் தடம் இருந்தது. மலர்விழிதான் அவளைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். செவிப்பறை கிழிந்திருக்கிறது, எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். வெண்ணிலா வாயைத் திறப்பதற்குள் மலர்விழி சொன்னாள், "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டா சார்." டாக்டர் எழுதிக்கொண்டார். வெண்ணிலா நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, அழுகை இல்லை. ஒரு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவள் மாதிரி பார்த்தாள். அதற்கப்புறம் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனாள். விவாகரத்து ஆனது. அனுசரித்துப் போகத் தெரியாத பெண் என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள். மலர்விழி அதையும் மறுக்கவில்லை.

"அண்ணா, அந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியுமா?"

"என்ன எல்லாம்? அவளா போனா. உனக்குத்தான் தெரியுமல்ல."

அவன் அவள் கண்ணைப் பார்த்தே அதைச் சொன்னான். அதில் கள்ளமே இல்லாததுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அவன் நம்புகிறான். அவள் டாக்டரிடம் சொன்ன அந்த ஒரு வரியை அவனும் வாங்கிக்கொண்டு, அதன்மேலேயே இத்தனை வருடம் வீடு கட்டிக் குடியிருந்திருக்கிறான். இவ்வளவு நேரமும் அவனைச் சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் சந்தேகப்பட வேண்டிய இன்னொரு ஆள் இந்த சோபாவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மலர்விழி குனிந்து லேஸை அவிழ்க்கத் தொடங்கினாள். இறுக்கிக் கட்டியிருந்ததால் நேரம் பிடித்தது.

"என்னத்துக்கு அவுக்கற? போட்டுட்டே வா."

அவள் இரண்டையும் கழற்றி, உள்ளே இருந்த காகிதத்தை முன்போலவே திணித்து, பெட்டியில் எதிரெதிராக அடுக்கினாள். சுப்பையன் திரும்பி வந்தார்.

"பில்லு போட்டரலாமுங்களா?"

"வேண்டாமுங்க."

"ஏனுங்க, எங்கயாச்சும் கடிக்குதுங்களா?"

"இல்லீங்க. ரொம்ப நல்லா இருக்குது. எனக்கு வேண்டாமுங்க."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சபரிநாதன் குரலைத் தாழ்த்தினான். "என்ன அம்மிணி, கவர்மெண்டு நர்சம்மாவுக்குக் கிராக்கியா? ஒரு மணி நேரம் வந்து நிக்கறது. அம்புட்டுத்தான கேக்கறேன்."

"நான் நிக்கலீங்ண்ணா."

"நீ வாரேன்னு சொல்லிட்டேன். மண்டபமெல்லாம் பேசியாச்சு. அம்மா கெடந்து அழுவா."

"தெரியுமுங்ண்ணா."

"அந்தப் புள்ளைக்கு முப்பத்தொன்னு ஆச்சு. ஜாதகத்துனால தட்டித் தட்டிப் போச்சு. இப்பத்தான் அந்த ஊட்டுல நல்லது நடக்கப் போவுது. அதுல மண்ணள்ளிப் போடுவியா நீயி?"

மலர்விழி சோபாவுக்கு அடியிலிருந்து செருப்பைக் காலால் இழுத்து மாட்டினாள். பையை மடியில் வைத்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அவன் அவளை நோக்கிச் சாய்ந்தான். கெஞ்சுகிற குரலா, மிரட்டுகிற குரலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சரி, நீ நிக்க வேண்டாம். சித்தப்பன் மவ சித்ராவ நிறுத்திக்கறேன். உனக்கு ஒடம்பு முடியலைன்னு சொல்லிக்கறேன். நாளைக்குக் கிருத்திகாவோட அப்பா உனக்குப் போன் பண்ணுவாரு. எங்கண்ணன் நல்லவருங்கன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

"பண்ணட்டுமுங்ண்ணா" என்றாள் மலர்விழி. "அப்படிச் சொல்ல மாட்டேன்."