அனைவருக்குமான பூட்டு

1

இந்தக் கதை ஒரு பூட்டிலிருந்து வந்தது. ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பேசப் போயிருந்தேன். மாடி நடைகூடத்தின் கடைசியில் புதுப் பெயிண்ட் அடித்த கதவு. மேலே ‘அனைவருக்குமான கழிப்பறை’ என்று பலகை. கீழே உள்ளங்கை அளவுக்குப் பூட்டு. அழைத்துப் போனவரிடம் கேட்டேன். “சாவி பதிவாளர்கிட்ட இருக்குங்க” என்றார், அதில் என்ன அதிசயம் என்பதுபோல. மற்றதெல்லாம் கற்பனை. கற்பனை என்றால் வலி குறையும் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: ‘ஒட்டகம் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஏனென்றால்…’

(இல்லை. விலங்குக் கதை என்று நினைத்து மூடி வைத்துவிடுவீர்கள்.)

ஒட்டகம் என்பது பட்டப்பெயர். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர். நாள் முழுக்க ஆய்வகத்தில் நின்றாலும் ஒரு மிடறு தண்ணீர் தொடமாட்டார் என்பதால் கூட இருப்பவர்கள் செல்லமாக வைத்தது. ஏன் தொடுவதில்லை என்று அவர்களில் யாரும் யோசிக்கவில்லை. ஆண்கள் கழிப்பறையில் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண்கள் கழிப்பறையில் அலறினார்கள். தான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும், கதவுகளுக்குத்தான் தெரியாது.

(கடைசி வாக்கியம் அழகாக இருக்கிறது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பற்றி அழகாக எழுதுவது அசிங்கம். அடித்துவிட வேண்டும்.)

இப்படியே போனால் பட்டம் வருவதற்குள் சிறுநீரகம் போய்விடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய அக்கா தினமும் டம்ளரோடு வாசல்வரை வருகிறாள்.

3

பதிவாளரை முதலில் வில்லனாக எழுதினேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நல்லவர். ஒட்டகம் போய்ச் சொன்னதும் கண் கலங்கினார். மேலிடத்தோடு மல்லுக்கட்டி அந்தக் கழிப்பறையைக் கட்டியும் விட்டார். வில்லன் என்றால் எதிர்த்து நிற்கலாம். நல்லவரை என்ன செய்வது?

நல்லவர் திறப்பு விழா வைத்தார். கழிப்பறைக்கு ரிப்பன். ஒலிபெருக்கி. முன்வரிசையில் துறைத்தலைவர்கள். யாருக்காகக் கட்டினோமோ அவர் கையாலேயே திறக்கட்டும் என்று மைக்கில் சொல்லி, ஒட்டகத்தை அழைத்துக் கத்தரிக்கோலைக் கொடுத்தார். ஆய்வகத் தோழர்களுக்கே அரைகுறையாகத் தெரிந்தது அன்று வளாகம் முழுக்கக் கேட்டது.

“உள்ள போங்க. நீங்கதான் முதல்ல” என்றார், பாசத்தோடு.

எல்லோரும் கதவுக்கு வெளியே காத்து நின்றார்கள். உள்ளே ஒட்டகத்துக்கு வரவே இல்லை. வெளியே வந்ததும் கைதட்டினார்கள்.

கண்டவர்களும் நுழைந்து பாழாக்கிவிடக் கூடாது என்று சாவியைப் பதிவாளர் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். கூச்சப்படாமல் எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் ஒரே ஆள்.

அவர் அறையில் எப்போதும் பத்துப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒட்டகம் ஒருமுறை வாசலில் போய் நின்றார். பதிவாளர் தூரத்திலேயே பார்த்துவிட்டு, “சாவியா? வாங்க, வாங்க” என்றார் வாய்நிறைய. பத்துப்பேரும் திரும்பினார்கள். ஒரு கையெழுத்து விஷயம், அப்புறம் வருகிறேன் என்று ஒட்டகம் திரும்பிவிட்டார்.

4

முடிவுகள்:

அ) ஒட்டகம் பூட்டை உடைக்கிறார். (யார் உடைத்தது என்று தேடவே வேண்டாமே.)

ஆ) அக்கா போய்ப் பதிவாளரை வெளுத்து வாங்குகிறாள். அவர் மனம் வருந்தி… (மன்னிப்புக் கேட்க இன்னொரு விழா வைப்பார். வேண்டாம்.)

இ) ஒட்டகம் படிப்பை விட்டு

இதை முடிக்கக் கை வரவில்லை. இதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான்.

5

சரி, பட்டம் வேண்டாம், நியாயம் வேண்டாம். காலையில் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் குடித்தால் போதும், கதையை முடித்துக்கொள்கிறேன். எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தேன்.

“ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்” என்கிறாள் அக்கா. “அதான் கட்டிட்டாங்கல்ல?”

“கட்டிட்டாங்கக்கா” என்கிறார் ஒட்டகம். செருப்பை மாட்டிக்கொள்கிறார்.

டம்ளர் நிறைந்தபடியே அவள் கையில் இருக்கிறது. என்னால் அவரைக் குடிக்கவைக்க முடியவில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். குடித்துவிட்டால், எங்கே போவது என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.