புதுக் கணினியும் பழைய விரல்களும்

புதுக் கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார் சிவானந்தராசா. விட்டால் ஆரத்தியும் எடுத்திருப்பார். குணேஸ்வரி கற்பூரத்தை ஒளித்து வைத்துவிட்டாள். பதினான்கு வருடமாக சுவிஸில், டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவுகிற மனிதர். லீவு கிடைக்கிற சனி, ஞாயிறுகளில் கமெராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தமிழர் கலியாணங்களுக்கு ரயில் ஏறுவார். இனிமேல் கமெரா மட்டும்தான், கோப்பை இல்லை என்று முடிவெடுத்திருந்தார். மனைவிக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

"சீசன் தொடங்கப் போகுது. இப்ப வேலையை விட்டால் பிறகு திருப்பி எடுப்பினமோ?"

"நீர் பேசாமல் இரும். திரிம்பாக் கலியாணம் மட்டும் வடிவா வரட்டும். சனம் வரிசையில நிக்கும்."

திரிம்பாக் கலியாணம் என்றால், திரிம்பாக் ஊரில் அவர் படம் பிடித்து வந்த, தம்பித்துரையின் மகள் வினோதாவின் கலியாணம். மாப்பிள்ளை கிருஷாந். அந்த டிவிடி வந்ததும் பார்த்து, பிடித்தால், தை மாதம் நடக்கவிருக்கும் தன் மகளின் கலியாணத்தையும் தருவதாகத் தம்பித்துரையின் நண்பர் சிறீதரன் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் இவ்வளவு துள்ளலும்.

கணினி சூரிச்சில் சொல்லிப் பொருத்தியது. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் விண்டோஸ்; மற்றது கலியாண வீடியோக் கசெற்றுகளுக்கு மட்டும். ஒரு மணி நேரக் கசெற்றை உள்ளே இறக்க ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் கணினியைத் தொடக்கூடாது, பக்கத்தில் நின்று தும்மவும் கூடாது. பழைய பெட்டியில் படம் இடையிடையே துள்ளும். இதில் எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. மனிதர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. லண்டனிலிருந்து வந்த பழைய கீபோர்டின் உருண்டைச் செருகிக்குப் புதுப் பெட்டியில் ஓட்டை இல்லை. ஆகவே பெட்டியோடு வந்த சுவிஸ் கீபோர்டே மேசைக்கு வந்தது. பார்க்காமலே தமிழ் அடிக்கப் பழகிய விரல்கள் அவருடையவை. முதல் வரியிலேயே மெய்யெழுத்துக்குப் புள்ளி விழவில்லை. தேடித் தேடி, அது வேறொரு மூலையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு புள்ளியைப் பிடித்த பெருமையில் மிச்சத்தைச் சோதிக்காமல் விட்டார்.

வழக்கமாக எழுத்துப் பிழை பார்ப்பவள் குணேஸ்வரி. இந்த முறை அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வேலைக் கதை திரும்பவும் தொடங்கும். டிஸ்கைத் தானே டிவியில் போட்டுப் பார்த்தார். நிறம் சரி. மேளச் சத்தம் சரி. தலைப்பில், தான் அடித்ததாக நினைத்ததுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது.

முப்பது டிஸ்க் எழுதி முடித்தார். அந்தச் சூட்டோடு, கூட வேலை செய்பவர் தந்த மாதிரிக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டிசம்பர் முடிய வேலையை விடுகிறேன் என்று ஜெர்மனில் நாலு வரி அடித்து அச்செடுத்தார். சனிக்கிழமை அதை மஞ்சள் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வீட்டில் சொன்னார். குணேஸ்வரி உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு மத்தியானம் தம்பித்துரை வீட்டு ஹோலில் இரண்டு பக்கச் சம்பந்திகளும் நிறைந்திருந்தார்கள். சிறீதரன் முன் வரிசையில். திரையில் மல்லிகைகள் சொரிந்தன, நாதஸ்வரம் எழுந்தது, பொன்னிற எழுத்துகள் சுழன்று வந்து நின்றன. மாப்பிள்ளையின் தாய் இராஜேஸ்வரி எதையும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் உள்ளவர்.

"வினோதா, கிருஷாந், திருமலம்."

ஹோலில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை.

"என்ன எழுதியிருக்கு, மாமி?" என்றாள் தமிழ் வாசிக்கத் தெரியாத மணமகள். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

"சிவம், என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு இதையோ எழுதினனீர்?" தம்பித்துரையின் குரல் உடைந்திருந்தது.

"அண்ணை, முப்பதையும் திருத்தித் தாறன், அண்ணை."

சிவானந்தராசா சிறீதரனைப் பார்த்தார். சிறீதரன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பிறகு கதைப்பம்," என்றார் சிறீதரன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று சிவானந்தராசாவுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெட்கம் காதுவரை சுட்டது.

வீட்டுக்கு வந்து கீபோர்டை உற்றுப் பார்த்தார். லண்டன் கீபோர்டில் 'இசட்' இருக்கும் இடத்தில் சுவிஸ்காரன் 'வை'யை வைத்திருந்தான். அவருடைய தமிழ் எழுத்துருவில் 'இசட்' என்றால் ண, 'வை' என்றால் ல. தாலிக்கும் அதே கதி. உள்ளே அது தாணி ஆகியிருந்தது.

குணேஸ்வரி பக்கத்தில் வந்து நின்றாள். திட்டவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"வெக்கத்தைப் பாக்காமல் குசினி ஷெஃபிட்டைப் போய், வேலையைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கோ," என்றாள்.

செவ்வாய்க்கிழமை, கேட்க வேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அவர் வாய் திறக்க முதலே ஷெஃப் கடிதத்தை மேசையில் விரித்தார். ஒரு சொல்லைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தார். டிசம்பரை ஜெர்மன்காரர் 'இசட்' போட்டு எழுதுவார்கள். கடிதத்தில் அந்த இடத்தில் 'வை' நின்றது. டெயெம்பர்.

இப்படியொரு மாதம் தன் நாட்காட்டியில் இல்லை என்றார் ஷெஃப், சிரிக்காமல். அது வருகிற அன்றைக்குத் தாராளமாகப் போகலாம், அதுவரைக்கும் ஏப்ரன் அங்கே தொங்குகிறது என்றார். சீசனுக்கு ஆள் கிடைக்காத கவலை அவருக்கு.

சிவானந்தராசாவுக்கு முதலில் வந்தது ஆறுதல். அப்படி ஆறுதல் வந்ததே பிறகு அவருக்குப் பெரிய துக்கமாக இருந்தது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"என்னவாம்?" என்றாள் குணேஸ்வரி.

"டெயெம்பர் வரும் மட்டும் நிக்கட்டாம்."

"அது என்ன மாதம்?"

"எங்கட கொம்பியூட்டரில மட்டும் வாற மாதம்."