பாதி டேங்க்

எங்கள் தீயணைப்பு வண்டியைக் கெடுத்தது தீ இல்லை, நான்தான். இதைச் சொல்வதற்கு எனக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது.

பெரும்பாறை மலைப்பாதையில் இருக்கிறது எங்கள் நிலையம். நான் சிலுவைராஜ், மூத்த டிரைவர். இத்தனை வருஷம் கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டியதால், மலையைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் ஒரு சட்டமும் போட்டேன். டேங்கில் எப்போதும் பாதித் தண்ணீர்தான் இருக்க வேண்டும். பாரம் குறைந்தால் ஏற்றத்தில் இன்ஜின் திணறாது. மீதியைப் போகிற இடத்து ஓடையில் உறிஞ்சிக்கொள்ளலாம். ஓடை இல்லாத இடத்தில் பற்றினால் என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் முகத்தை வைத்துக்கொண்டதும் இல்லை.

போன மாதம் மன்னவனூரில் காய்ந்த புல் பற்றியது. என்னோடு முறை மாற்றி ஓட்டும் ஜெபக்குமார் போய் அணைத்துவிட்டு வந்தான். மறுநாள் வண்டியைக் கழுவும்போது பார்த்தால், டேங்கைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் முழங்கை நீளத்துக்கு விரிசல். இன்னும் நாலு வளைவு ஓடியிருந்தால் டேங்க் தனி, வண்டி தனி.

நிலைய அதிகாரி செலினா மேடம் இங்கே வந்து ஆறு மாதம்தான். "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனீங்களா ஜெபக்குமார்?" என்றார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "இந்த வயசுல வேகம் இருக்கத்தான் செய்யும் மேடம்" என்று நானும் ஒத்து ஊதினேன். அவனுக்கு வயசு முப்பத்தெட்டு. மெமோ வந்தால் ராமநாதபுரத்துக்கு மாற்றல் நிச்சயம். அவன் மனைவி ஜெனிக்கு வேலையோ கொடைக்கானல் பள்ளிக்கூடத்தில்.

வண்டியை ஊர்ந்து ஊர்ந்து அய்யம்பாளையத்துக்கு இறக்கினேன். வெல்டர் ஜெயபிரகாஷ் அடியில் படுத்து டார்ச் அடித்தார்.

"இது ஒரு நாள் வேகத்துல விட்ட விரிசல் இல்லண்ணே. உள்ள துரு ஏறிக் கெடக்கு. டேங்க அரைகொறையா ரொப்பி ஓட்டுவீங்களோ?"

"ஏன் கேக்குறீங்க?"

"முழுசா ரொப்புனா தண்ணி சும்மா கெடக்கும். பாதின்னா வளைவுக்கு வளைவு ரெண்டு பக்கமும் போயி மோதும். சட்டம் எத்தன நாளைக்குத் தாங்கும்?"

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அதன் இரண்டு முனையிலும் துளை போட்டு, மேலே தகடு வைத்துப் பற்றவைத்தார். என் வாயையும் சேர்த்துப் பற்றவைத்த மாதிரி நான் நின்றேன். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம். பிரிவு விழா போட்டோவுக்கு மீசைக்கு எந்த மை என்பதுவரை யோசித்து வைத்திருந்தவன் நான். மலையேறி வந்தும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி மட்டும் ரெண்டு தடவை எழுந்து போய், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

மறுநாள் காலையில், மெமோ டைப் ஆவதற்குள், மேடம் முன்னால் போய் நின்றேன். "பாதி டேங்க் என் உத்தரவு மேடம். அவன்மேல தப்பில்ல." மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மெமோவில் பெயரை மாற்றச் சொன்னார். டைப் ஆனதும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெரிய தியாகி போல நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்து ஜெபக்குமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் காலில் விழாத குறையாக நெகிழ்வான் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்ண்ணே" என்றான். "போன வருஷமே ஒரு நாள் முழுசா ரொப்பி ஓட்டிப் பாத்தேன். வண்டி அலுங்கவே இல்ல. அதுலேருந்து என் முறையில முழு டேங்குதான். நீங்க வர்றதுக்கு முன்னாடி வெள்ளனே பாதியத் தொட்டியில எறக்கி விட்டுருவேன்."

"ஏலே, எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. நீ பொறக்கும்போதே நான் லைசென்ஸ் எடுத்துட்டேன்னீங்க."

"மேடத்துக்கிட்டயாவது சொல்றதுக்கென்ன?"

"உங்களுக்கு இன்னும் ஏழு மாசந்தானண்ணே இருக்கு. மெமோவோட வீட்டுக்குப் போவீங்களா? நான் ராமநாதபுரத்துல ஓட்டிக்கிறலாம்னு இருந்தேன்."

மெமோவில் கையெழுத்துப் போடும்போதுகூட எனக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. அவன் முன்னால் அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.