எல்லா வீட்டிலும் ஐந்து

தெருவில் அவளுக்குக் கேள்வியக்கா என்று பெயர். பதினோரு வருடமாக அதே நூற்றுப் பதினெட்டு வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு தடவை போய், என்ன சம்பாதிக்கிறீர்கள், எதற்குச் செலவழிக்கிறீர்கள், அந்த வேலையை ஏன் விட்டீர்கள், பிள்ளையை ஏன் இந்தப் படிப்பில் சேர்த்தீர்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்டால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வருமானத்தைக் கேட்டால் கணவன் மனைவியைப் பார்ப்பான், மனைவி விட்டத்தைப் பார்ப்பாள். அதையும் சிரித்துப் பேசியே வாங்கிவிடுகிற வாய் அவளுக்கு. அவள் கொண்டுவந்து கொட்டும் பதில்களை வைத்துத்தான், காசு வந்தால் மனிதனுக்கு நிம்மதி வருகிறதா இல்லையா என்று ஆராய்ச்சி நிறுவனத்தின் பெரிய படிப்பாளிகள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட வெயிலில் நின்று ஒரு கதவைத் தட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

கடைசிக் கேள்விக்கு ஏணிக் கேள்வி என்று பெயர். பத்துப் படி உள்ள ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் இருப்பது நல்லதிலும் நல்ல வாழ்க்கை, அடியில் இருப்பது மோசத்திலும் மோசம். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?

இந்த வருடம் அந்த ஏணியில்தான் அவள் மாட்டிக்கொண்டாள்.

மேற்பார்வையாளருக்கு அலுவலகத்தில் சல்லடை என்று பட்டப்பெயர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு தவறான எண் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"நூத்திப் பதினெட்டு வீட்டுல தொண்ணூத்தேழு வீடு அஞ்சு. போன வருஷம் ரெண்டுலேருந்து பத்து வரைக்கும் இருந்தது. உக்காந்த இடத்துலயே நிரப்பிட்டீங்களாம்மா?"

"போய்க் கேட்டுத்தான் சார் போட்டேன்."

"போனீங்க, சரி. வாசல்ல நின்னுகிட்டே நீங்களா அழுத்தியிருக்கலாமே? நேத்து பத்து வீட்டுக்கு போன் போட்டேன். ஒருத்தர் ஒன்பதுங்கறார், ஒரு அம்மா ஒண்ணுங்கறாங்க. உங்ககிட்ட மட்டும் எல்லாரும் அஞ்சாம்."

பொய்ப் பதிவு என்று முடிவானால் வேலை போய்விடும். இந்தத் தொழிலில் வேறு எந்த நிறுவனமும் வாசலில்கூட நிற்க விடாது. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். வீட்டில் ஒரே சம்பளம், அது இவளுடையது. இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தது. பயப்பட வேண்டும் என்றும் தெரிந்தது. பயம்தான் வரவில்லை.

எட்டு மாதமாக எதுவுமே வரவில்லை. ஒரு காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் அப்படியே சாய்ந்தார். மருத்துவமனை வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. பதினைந்தாவது நாள் இவள் வேலைக்கு வந்துவிட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அழுத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கால் மரத்துப்போனால் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்குமே, அப்படித்தான் இருந்தது அவளுக்கு.

"வாங்க, நேர்லயே பாத்துருவோம்" என்று சல்லடை கிளம்பினார்.

முதலில் தையல்காரர் வீடு. முன்னறையில் யாருடனோ போனில் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தவர், அவளைக் கண்டதும் சட்டென்று போனை வைத்துவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

"அண்ணே, ஏணிக் கேள்வியை மட்டும் இன்னொரு தடவை கேக்கணும்."

"அஞ்சுன்னே போட்டுக்கங்கம்மா."

சல்லடை குறுக்கே புகுந்தார். "நேத்து போன்ல ஒன்பதுன்னு சொன்னீங்களே?"

தையல்காரர் கையில் இருந்த அளவு நாடாவைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

"அது போன்ல சார். பொண்ணுக்கு வேலை கிடைச்சிருக்கு, ரெண்டாவது மெஷின் போட்டிருக்கேன். எனக்கு என்ன குறை? ஆனா இவங்க கேக்கும்போது வாய் வர மாட்டேங்குது. முன்னாடியெல்லாம் கலகலன்னு பேசுவாங்க. இந்தத் தடவை வந்து உக்காந்தப்போ முகத்துல ஈயாடலை. ஏதோ பெருசா நடந்திருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவங்ககிட்ட போய் நான் ஒன்பதுல நிக்கறேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அடுத்து நாலு வீடு தள்ளி ஒற்றை அறை. சலவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண் அங்கே குடியிருந்தாள். போனில் ஒன்று என்று சொன்னவள் அவள்தான்.

"வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு சார். வீட்டுக்காரரும் விட்டுட்டுப் போயிட்டாரு. அதையெல்லாம் இவங்க தலையில கட்டணுமா? பாவம், இவங்களே தாங்க முடியாம உக்காந்திருந்தாங்க. அதான் அஞ்சுன்னேன். அஞ்சுன்னா அவங்களுக்குப் பாரமா இருக்காதுல்ல."

வெளியே வந்து இரண்டு பேரும் சும்மா நடந்தார்கள். கணவர் போனதை அவள் எந்த வீட்டிலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நன்றாக இருப்பவர்கள் இறங்கி வந்திருக்கிறார்கள், முடியாதவர்கள் ஏறி வந்திருக்கிறார்கள். இவளோ, இந்த வருடம் எல்லோரும் ஏதோ சுமாராக இருக்கிறார்கள்போல என்று நினைத்து, அப்படியே பதிவு செய்து அனுப்பியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. எட்டு மாதத்தில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான்.

பேருந்து நிறுத்தத்தில் சல்லடை தொண்டையைச் செருமினார். "வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நான் எழுதிக்கறேன். ஆனா அந்தப் பதிலையெல்லாம் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, திருப்பி எடுக்கணும். பதில் பதியற டேப்லெட்டை அவங்க கையில கொடுத்துருங்க. அவங்களே அழுத்தட்டும். நீங்க..." அவளைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க."

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மகள் மேசையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்மா."

"காலேஜ் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். பொண்ணு தங்கம், ஒரு தொந்தரவும் கிடையாது என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றப்போனவள் அப்படியே நின்றாள். இதுவும் ஓர் ஐந்துதானோ? பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, ஏணிப் படம் உள்ள பக்கத்தைத் திறந்து, மகள் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒண்ணை அழுத்து. நான் பாக்கலை."

"என்னம்மா இது, என்னையும் கணக்கெடுக்கிறியா?"

"அழுத்துடி."

திரும்பி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். எதிர்வீட்டுக் கொடியில் மூன்று துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு எண்ணை அழுத்த இவ்வளவு நேரமா ஆகும்?

"ம்."

திரும்பிப் பார்த்தாள். இரண்டு.

"ஏன்?" என்று கேட்டாள். ஏணிக்குப் பின்னால் அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. இந்தப் படியில் ஏன் நிற்கிறீர்கள் என்று பதினோரு வருடத்தில் யாரிடமும் அவள் கேட்டதும் இல்லை.

மகள் புத்தகத்தின் ஓரத்தை மடித்துக்கொண்டே பேசினாள். "அப்பா போனதுலேருந்து நீ என்னை ஒரு தடவைகூடத் திட்டலைம்மா. ரெண்டு பேப்பர்ல ஃபெயிலானேன். வந்து சொன்னேன். சரின்னே. ஒருநாள் வேணும்னே லேட்டா வந்தேன். சாப்பாடு மூடி வச்சிருக்கேன்னே. அப்பா மட்டும்தான் போனாருன்னு நினைச்சுகிட்டிருந்தேன்."

இரண்டும் அவளுக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"ரெண்டு பேப்பரா?" என்றாள். "ஏண்டி, உனக்குப் புத்தி எங்கடி போச்சு? உங்கப்பா இருந்திருந்தா..."

அதற்கு மேல் திட்ட வரவில்லை. அழுகை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இன்னும் திட்டும்மா" என்றாள்.