கம்பெனித் தீ அணைந்த நாள்

நைஜர் ஆற்று வெள்ளம் இந்த ஆண்டு மூன்று வாரம் முந்திக்கொண்டது. இடுப்பளவு வெள்ளத்தில் நின்று ஓமாமெரி பிடுங்கிய மரவள்ளி, வயலில் பாதிகூடத் தேறாது. அதைத் துருவி, சாக்கில் புளிக்கவைத்துப் பிழிந்தாயிற்று. இரண்டு நாளில் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அடுத்த விளைச்சல்வரை வீட்டின் ஐந்து வயிற்றுக்கும் இதுதான்.

மழை விட்டபாடில்லை. ஆனால் இந்த ஊரில் யாரும் வெயிலை நம்பிக் கிழங்கு பிழிவதில்லை. எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு கூடவே வரும் வாயுவைக் கம்பெனி ஊருக்கு வெளியே இரவும் பகலும் எரிக்கிறது. அந்தத் தீயைச் சுற்றிய மண்கரையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் இடம் உண்டு. கொட்டும் மழையிலும் அங்கே மாவுக்கட்டி மொறுமொறுவென்று காயும். அந்தப் புகையால் இருமல் வரும், கூரைத் தகரம் நாலு வருடத்தில் சல்லடையாகும். அதற்கு என்ன செய்ய?

பிழிந்த மாவுக்கட்டி நிறைந்த பேசினைத் தலையில் வைத்துக்கொண்டு ஓமாமெரி தீயை நோக்கி நடந்தாள். இரண்டாவது பேசினைச் சுமந்து வந்தவன் கொழுந்தன் உமுகோரோ, அறிவியல் வாத்தியார்.

"அண்ணி, நீங்க நம்பியிருக்கிற இந்தத் தீதான் வெள்ளத்தையும் கூட்டிட்டு வருது."

"உன் பள்ளிக்கூடமே முங்கிப் போச்சு. பாடம் மட்டும் மிதக்குதாக்கும்?"

சிரித்தானே தவிர அவன் நிறுத்தவில்லை. "கோடி வருஷமா பூமிக்கடியில கிடந்த கரி அது. எரிச்சா கரிவாயுவா வானத்துல தங்கிடும். வெயில உள்ள விடும், சூட்டை வெளிய விடாது. சூடான காத்து தண்ணிய அதிகமாச் சுமக்கும், கொட்டுறப்ப மொத்தமாக் கொட்டும்."

"இந்த ஒரு அடுப்பாலயா?"

"உலகம் பூரா எரியுது. இது அதுல ஒண்ணு."

"எல்லாத்தையும் அணைக்கட்டும். என் கிழங்கு காஞ்சப்புறம்."

பாதி வழியில் தீயின் இரைச்சல் சட்டென்று நின்றது. தவளைகள் கத்துவது கேட்டது. ஓமாமெரி ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

மண்கரை ஒரு பக்கம் உடைந்து வெள்ளம் உள்ளே புகுந்திருந்தது. கம்பெனிக்காரர்கள் வாயுக் குழாயை மூடிவிட்டார்கள். பேசின்களோடு ஏழெட்டுப் பெண்கள் வேலியோரம் நின்றார்கள்.

"எப்பய்யா மறுபடி கொளுத்துவீங்க?" என்று அங்கே நின்ற கம்பெனிக் காவலாளியை ஓமாமெரி கேட்டாள்.

"தண்ணி வடியணும், ஒரு மாசம் ஆகும். போன வருஷம் இதை அணைக்கச் சொல்லிப் பலகை புடிச்சது நீங்கதானம்மா?"

"நாங்கதான். அப்ப அணைச்சிருந்தா வேற வழி பாத்திருப்போம். இப்பக் கொளுத்துய்யா."

அவன் குழாய்ப் பக்கம் திரும்பி நடந்தான்.

கரையின் உடையாத பக்கத்தில் ஓமாமெரியின் இடம் இருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். "சூடு இருக்குடி, வாங்க!"

பெண்கள் ஓடிவந்து நெருக்கியடித்துக் கட்டிகளைப் பரப்பி, மேலே தார்ப்பாயை இழுத்துப் பிடித்தார்கள். உமுகோரோவும் ஒரு முனையைப் பிடித்தான்.

மாலைக்குள் மண்ணும் வெள்ளத்தைப்போலவே குளிர்ந்துவிட்டது. திரும்ப அள்ளியபோது கட்டிகள் விரலிடுக்கில் கூழாய்ப் பிதுங்கின.